குடோன் வாசலில்

நாமக்கல், சங்ககிரி வட்டாரத்து லாரி டிரைவர், ஜவ்வரிசி ஏற்றி மகாராஷ்டிரம் போனால் நாசிக் வெங்காயத்தோடு திரும்புவார். ரிட்டர்ன் லோடு உடனே கிடைத்த மாதம் வீட்டில் தீபாவளி. கிடைக்காவிட்டால் காத்திருப்பிலேயே படிக்காசு கரையும். ஓட்டுவதைவிட அந்தக் காத்திருப்புதான் கொடுமை. நாளுக்கு 8 மணி நேர வேலை என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. (நெடுஞ்சாலையில் அதை யார் படித்தார்கள்!) 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம், நல்லது, ரொம்பத் தாமதம். வண்டியைப் பயமில்லாமல் நிறுத்தித் தூங்க இடமும் குளிக்கத் தண்ணீரும் இன்னும் பாக்கி. குடோன்காரர்களே, வாசலில் இரண்டு நாளாக நிற்பவருக்கு உங்கள் கழிப்பறையையாவது திறந்துவிடுங்கள்.