குறோணியின் பசியும் சிறுபயற்றுக் கஞ்சியும்

அய்யா உண்டு.

அன்புக்கொடி மக்களே, திருஏடு வாசிப்பின் தொடக்கத்திலேயே குறோணியின் கதை வந்துவிடுகிறது. மலை போன்ற உடல் அவனுக்கு. கடல் நீர் முழுவதையும் குடித்தான், பசி அடங்கவில்லை. கயிலையையே விழுங்கப் பார்த்தான். மாயோன் தவமிருந்து, ஈசனிடம் வரம் பெற்று, அவனை ஆறு துண்டாக வெட்டினார். அந்தத் துண்டுகள் யுகந்தோறும் பிறந்து வந்தன. இராவணனாக வந்ததை வானரப் படை கண்டது. துரியோதனனாக வந்ததைக் குருசேத்திரம் கண்டது. கடைசித் துண்டாகிய கலியோ மனிதர் மனத்துக்குள்ளே மாயையாகக் குடியிருக்கிறது. அதை வில்லால் அடிக்க முடியாது.

குறோணி செய்த குற்றத்தை ஒரு சொல்லில் சொன்னால் ‘இன்னும்’ என்பதுதான். அந்தச் சொல் நம் வீடுகளில் எத்தனை முறை கேட்கிறது! நல்ல நிலையில் ஓடும் பொருளை ஒதுக்கிவிட்டுத் தவணைக்குப் புதியது வாங்குகிறோம். தவணை முடியும் முன் அடுத்தது வருகிறது. மாதக் கடைசியில் கணவனும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, இரவில் தூக்கம் இல்லை. கலி எங்கே இருக்கிறது என்று தேடி வெளியே போக வேண்டியதில்லை.

இந்தப் பசிக்கு அய்யா கொடுத்த மருந்துதான் வாகைப்பதியில் நடந்த துவையல் தவசு. 700 குடும்பங்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லாருமாகக் கடற்கரையில் தங்கினார்கள். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் உணவு, அதுவும் பச்சரிசியும் சிறுபயறும். கடலில் குளியல். உடுத்த துணியைத் தாங்களே துவைத்துக் கட்டினார்கள். தவம் என்றால் காட்டுக்குப் போக வேண்டும், மனைவி மக்களை விட வேண்டும் என்று உலகம் நினைத்திருந்தது. அய்யாவோ சோறு பொங்குவதையும் குளிப்பதையும் துணி துவைப்பதையுமே தவமாக்கினார். தவசுக்கு வந்த பெயரே ஒரு வீட்டு வேலையின் பெயர்தானே!

அந்த உணவையும் சற்று எண்ணிப் பாருங்கள். அரிசியில் குறைவுபடும் புரதச் சத்தைப் பயறு நிரப்பும், பயற்றில் குறைவதை அரிசி தரும். பயற்றுச் செடிக்குத் தண்ணீர் அதிகம் வேண்டாம். அதன் வேர் மண்ணுக்கே உரம் சேர்க்கும். எளியவனுக்குக் கட்டுப்படியாகும், உடம்புக்கும் கேடில்லை, மண்ணுக்கும் கேடில்லை. (இன்று எல்லாரும் ஒரு வேளை மட்டும் உண்ண வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வெயிலில் உழைப்பவனுக்கும் நோயாளிக்கும் வயிறு நிறைய வேண்டும்.) வாரத்தில் சில நாள் இரவு இந்தக் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் போதும் என்று ஒரு வீடு முடிவு செய்தால், அந்த வீட்டில் செலவும் குறையும், வயிறும் இலேசாகும்.

தண்ணீரைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு சாதி இறைத்த கிணற்றில் இன்னொரு சாதி கயிறு விடக்கூடாது என்றிருந்த காலத்தில், சாமித்தோப்பில் முத்திரிக்கிணற்றை எல்லாருக்கும் ஒன்றாக வைத்தார் அய்யா. இன்றும் அங்கே பதம் விட்டுத்தான் பதிக்குள் செல்கிறோம். ஒரே ஊற்று, எல்லாருக்கும் பங்கு. அப்படியானால் நான் வீணாக்கும் தண்ணீர் என்னுடையது அல்ல, அடுத்தவன் பங்கு. கடலோர ஊர்களில் ஆழ்துளைக் கிணறு போட்டு அளவுக்கு மேல் உறிஞ்சினால், நிலத்தடியில் கடல் நீர் உள்ளே ஏறிவிடும். பிறகு பக்கத்து ஏழை வீட்டுக் கிணறும் உப்பாகும். குறோணி கடலைக் குடித்தான், நாம் கடலை வீட்டுக்கே அழைத்து வருகிறோம்.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். தர்மம் கொடுக்கும் இடங்களிலேயே, பணிவிடை முடிந்த பிறகு, காகிதக் கப்புகளும் பிளாஸ்டிக் தட்டுகளும் குவிந்து கிடப்பதைப் பார்க்கிறோம். அந்தக் காகிதக் கப்பின் உட்புறமும் பிளாஸ்டிக் பூச்சுதான். அதில் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை ஊற்றி அய்யாவின் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? காற்றில் பறந்து கடலுக்குப் போவதும் அதுதான். 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழக அரசு தடை விதித்திருக்கிறது. ஆனால் நமக்குச் சட்டம் வந்து சொல்ல வேண்டுமா? பனையேறிகளின் வழிவந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அக்கானி குடித்தது பனையோலைப் பட்டையில், அரிசி வைத்தது ஓலைப்பெட்டியில், கஞ்சி கோரியது சிரட்டை அகப்பையில். அகிலத்திரட்டே பனையோலையில்தான் எழுதப்பட்டது. அந்தப் பனையைச் செங்கல் சூளைக்கு விற்றுவிட்டுப் பிளாஸ்டிக்கை விலைக்கு வாங்குகிறோம்.

நம் ஊர்க் கோயிலை நிழல் தாங்கல் என்கிறோம். பெயரிலேயே நிழல் இருக்கிறது, சுற்றிலும் சிமெண்டுத் தரை போட்டு மரத்தை வெட்டிவிட்டால் எந்த நிழலைத் தாங்குவது? தாங்கல் இருக்கும் இடத்தில் ஒரு வேம்போ புங்கோ நட்டு, பாத்திரம் கழுவும் தண்ணீரை அதன் மூட்டுக்கு வாய்க்கால் வெட்டி விடலாம். விதைக்க வேண்டும் என்றால் பனங்கொட்டையை எடுங்கள், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

வருகிற முதல் ஞாயிறு உச்சிப் பணிவிடைக்கு வரும்போது ஆளுக்கொரு தம்ளரும் தட்டும் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள். வாழை வைத்திருப்பவர்கள் இலை அறுத்துத் தாருங்கள். கொண்டு வராதவர்களுக்காகத் தாங்கலில் ஐம்பது எவர்சில்வர் தட்டு வாங்கி வைப்போம். உண்டவர்களே கழுவி வைக்கட்டும். பெரிய வீட்டுக்காரரும் கூலிக்காரரும் ஒரே குழாயடியில் நின்று தட்டுக் கழுவட்டும்.

அய்யா உண்டு.