தொட்ட காய்

'விளையாட்டாகச் சொன்னேன்' என்று ஒருவர் சொன்னால், சொன்னதற்கு அவர் பொறுப்பில்லை என்று அர்த்தம். விளையாட்டுப் பிள்ளை என்றால் எதையும் நம்பி ஒப்படைக்க முடியாதவன். விளையாட்டு வினையாகும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று எண்ணும்போது செல்வம், அறிவு, புணர்ச்சி இவற்றோடு விளையாட்டையும் சேர்த்துக்கொள்கிறார். அதோடு அந்த உவகை அல்லல் நீங்கியது என்றும் ஓர் அடைமொழி தருகிறார். என்னைத் தொந்தரவு செய்வது இந்த அடைமொழிதான். விளையாட்டு என்றால் ஒருவன் தோற்கிறான். தோற்றவனுக்கும் அல்லல் இல்லாத உவகை சாத்தியமா? சாத்தியம் என்றால் அவன் உண்மையில் விளையாடினானா, விளையாடுவதுபோல் பாவனை செய்தானா?

இந்தக் கேள்வி எனக்குச் சதுரங்கத்தின் வழியாக வந்தது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷமாகிறது. வாரத்தில் நான்கு மாலை ஆடுகிறேன். கல்லூரி நாட்களிலிருந்து கணக்கிட்டால் ஐம்பது வருஷம் ஆடியாயிற்று. கவிதை எழுதும் நண்பர் ஒருவர் போன மாதம் கேட்டார்: "ஐம்பது வருஷம் ஆடியும் ஒரே இடத்தில் நிற்கிறீர்கள். அதில் இவ்வளவு சந்தோஷம் வேறு. உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? ஐம்பது வருஷம் ஒரே தரத்தில் கவிதை எழுதுகிறவனை நாம் சும்மா விடுவோமா?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் நம் பத்திரிகைகளின் மொத்த நம்பிக்கையும் இந்தக் கேலிக்குப் பின்னால் நிற்கிறது. தீவிரம் என்பதைவிட உயர்ந்த பாராட்டு நம்மிடம் இல்லை. தீவிரத்தைக் கோரும் ஒரு காரியத்தை லகுவாக எடுத்துக்கொண்டு அதில் சந்தோஷமும் அடைகிறவனை நாம் சந்தேகிக்கிறோம். பிரெஞ்சில் அமத்தேர் என்ற சொல்லுக்கு அடியில் இருப்பது நேசிப்பவன் என்ற லத்தீன் சொல். ஆங்கிலத்தின் வழியாக நமக்கு வந்துசேர்ந்த அமெச்சூரில் நேசம் உதிர்ந்துவிட்டது, அரைகுறை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நண்பர் தன் கட்சிக்கு மார்சல் த்யூஷாம்பை அழைத்து வந்தார். ஓவியத்தை ஏறக்குறைய விட்டுவிட்டுச் சதுரங்கத்துக்குப் போனவர், 1928 முதல் 1933 வரை ஒலிம்பியாடுகளில் பிரான்ஸுக்காக ஆடியவர், ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும், நடைமுறையில் அபூர்வமாகவே வரக்கூடிய முடிவாட்ட நிலைகளைப் பற்றி 1932இல் ஹால்பர்ஸ்டாட் என்பவரோடு சேர்ந்து ஒரு புத்தகமே எழுதியவர். "ஆடினால் அப்படி ஆட வேண்டும்." இருக்கலாம். தேனிலவு நாட்களில் இரவெல்லாம் பலகையோடு உட்கார்ந்திருந்த அவருடைய காய்களை, முதல் மனைவி அவர் தூங்கும்போது கட்டங்களோடு பசை போட்டு ஒட்டிவிட்டாள் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அந்தப் பெண்ணின் மேல்தான் மரியாதை.

என் கட்சிக்கு ரூஸோ போதும். சாம்பேரியில் இருந்த இளமைக் காலத்தில் ஒருவரிடம் சதுரங்கம் கற்றுக்கொண்ட கதையைத் தன் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். பலகை வாங்கி, பழைய இத்தாலிய ஆசான் ஒருவரின் புத்தகத்தையும் வாங்கி, அறையைச் சாத்திக்கொண்டு இரண்டு மூன்று மாதம் இரவும் பகலுமாக எல்லா ஆட்டங்களையும் மனப்பாடம் செய்தார். மஞ்சள் பூத்து மெலிந்து வெளியே வந்து, கற்றுக்கொடுத்தவரோடு உட்கார்ந்தார். ஒரு முறை தோற்றார், இரண்டு முறை தோற்றார், இருபது முறை தோற்றார். கண்ணுக்கு முன்னால் ஒரு மேகத்தைத் தவிர எதுவும் தெரியவில்லையாம். பிற்பாடு எத்தனை வருஷம் முயன்றும் முதல் நாள் இருந்த இடத்தைத் தாண்டவில்லை. தன் கற்பனையின் கோளாறு என்கிறார் ரூஸோ. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாரீஸுக்குப் போன புதிதில் மீண்டும் சதுரங்கக் காப்பிக்கடைகளில் நுழைந்ததற்கு அவரே காரணம் சொல்லியிருக்கிறார்: எதிலாவது முதல்வனாக இருப்பவனை உலகம் தேடி வரும், எதில் என்பது முக்கியமில்லை. அவர் முன்னால் நின்ற மேகம் இதுதான். பலகையைப் பார்க்க வேண்டிய கண், தன்னைத் தேடி வரப்போகும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

லகுவாக ஆடுவது என்றால் அலட்சியமாக ஆடுவது என்றுதான் நண்பர் எடுத்துக்கொள்கிறார். அலட்சியமாக ஆடுகிறவனோடு ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எதிரே இருப்பவனுக்குச் செய்யும் அவமரியாதை. பேசிக்கொண்டே காயைத் தள்ளுவான், தோற்றதும் "நான் கவனிக்கவே இல்லை" என்பான். கவனித்திருந்தால் ஜெயித்திருப்பேன் என்பது அதன் பொருள். இவனைவிட முடிவைப் பற்றிக் கவலைப்படுகிறவன் கிடையாது. நான் சொல்லும் லகு வேறு. வைக்கப்போகும் காயைப் பற்றி முழுக் கவலை, ஆட்டம் யாருக்குப் போகிறது என்பதைப் பற்றிக் கவலையில்லை. சொல்ல எளிது, செய்வது கஷ்டம். இதற்கு எதிராளியின் ஒத்துழைப்பு வேண்டும்.

என் எதிராளி ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கும் தமிழர்களுக்குப் புதுவையில் அந்தப் பெயர். எண்பதை எட்டிவிட்டார். மற்ற சொல்தாக்கள் மாலையில் பெத்தாங்க் குண்டு உருட்டப் போகிறார்கள், இவருக்குக் குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது. வைசியாள் வீதிப் பக்கம் தாழ்வாரமும் திண்ணையும் வைத்த பழைய வீடு, அந்தத் திண்ணையில்தான் பலகை. நான் அவரை முசே என்பேன். எழுபது தாண்டிய என்னை அவர் தம்பி என்பார். அவருக்கு யூரோவில் ஓய்வூதியம், எனக்கு ரூபாயில். பலகையில் அது தெரியாது, காப்பிக்கு யார் சொல்லியனுப்புவது என்பதில் தெரியும். நாம் மந்திரி என்று சொல்லும் காயைப் பிரெஞ்சுக்காரர்கள் பைத்தியக்காரன், அரசவைக் கோமாளி என்ற பொருளில் ஃபூ என்கிறார்கள். மந்திரிக்கும் கோமாளிக்கும் ஒரே காய் போதும் என்று கண்டுபிடித்தது எந்த நாடாக இருந்தாலும் அதற்குத் தன் வணக்கம் என்பார் முசே.

அவர் காயைத் திரும்ப எடுக்க விடமாட்டார். "தொட்டாச்சு, தம்பி." அவ்வளவுதான். ஓய்வுபெற்ற இருவர் பொழுதுபோக்குக்கு ஆடும் இடத்தில் இந்தக் கறார் எதற்கு என்று நான் யோசித்திருக்கிறேன். யோசிக்க யோசிக்க அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. வாபஸ் உண்டு என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு காய்க்குப் பிறகும் கேட்கலாமா என்று ஒரு யோசனை. கேட்டால் கொடுப்பாரா என்று இன்னொன்று. கொடுத்தவருக்கு ஒரு பெருந்தன்மை, வாங்கியவருக்கு ஒரு கடன். யார் அதிகம் கேட்டார்கள் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. பலகையில் இருக்க வேண்டிய கவனம் முழுக்க இரண்டு மனிதர்களின் கௌரவத்துக்குப் போய்விடுகிறது. வாபஸ் இல்லை என்றால் இந்தப் பாரம் ஒன்றும் இல்லை. யானை போயிற்றா, போயிற்று. சிரித்துவிட்டு அடுத்த காயைப் பார்க்கலாம். விதி இறுகும்போது மனசு இளகுகிறது.

காயைத் தொட்டும் ஆடாமல் இருக்க ஒரே ஒரு வழி உண்டு. கட்டத்தின் ஓரத்தில் சாய்ந்து நிற்கும் காயை நேராக்குவதற்கு முன்னால் 'ழதூப்' என்று சொல்ல வேண்டும். சரிசெய்கிறேன் என்ற பொருளில் வரும் இந்தப் பிரெஞ்சுச் சொல் உலகம் முழுக்கச் செல்லும். இதில் முன்னால் என்பதுதான் எல்லாம். 1967இல் துனிசியாவின் சூஸ் நகரில் நடந்த இன்டர்சோனல் பந்தயத்தில் யூகோஸ்லாவிய கிராண்ட்மாஸ்டர் மாதுலோவிச் ஹங்கேரியின் பிலெக்கோடு ஆடும்போது தவறான காயை வைத்துவிட்டு, அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ழதூப் என்றார். அதிலிருந்து அவருக்கு ழதூபோவிச் என்று பெயர் நிலைத்தது. பெரிய ஆட்டக்காரர்தான். ஆனால் முடிவு தேவைப்பட்டது அவருக்கு.

இதை முசேயிடம் சொன்னபோது வெகுநேரம் சிரித்தார். பிறகு, "எங்கப்பா கையெழுத்துப் போட்டதும் அப்படித்தான், ழதூப் சொல்ல முடியாது" என்றார். புதுவையின் நிர்வாகம் கைமாறியது 1954 நவம்பர் 1ஆம் தேதி, சட்டப்படி ஒப்படைப்பு நடந்தது 1962 ஆகஸ்ட் 16. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுக்கலாம். இங்கே பிறந்து இங்கேயே இருந்தவர்களில் எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர்கள். அவர் அப்பா எழுதிக் கொடுத்தார். அடுத்த தெருவிலிருந்த என் தாத்தா கொடுக்கவில்லை. ஒரு பேனா ஒரு காகிதத்தைத் தொட்டதா இல்லையா என்பதில் இரண்டு குடும்பங்களின் அறுபது வருஷம் அடங்கியிருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு சதுரங்கம்தான் வாழ்க்கை என்று ஆரம்பிப்பவர்களோடு எனக்கு ஒட்டுறவு கிடையாது. உவமை தலைகீழாக நிற்கிறது. திண்ணையில் தொட்ட காயைத் திரும்ப எடுக்க முடியாது, ஆனால் ஆறரை மணிக்குப் பலகையைக் கலைத்து முதலிலிருந்து அடுக்கலாம். காகிதத்தில் போட்டதை யாரும் கலைத்து அடுக்கித் தருவதில்லை. அடுக்கித் தராத ஓர் ஊரில் எண்பது வருஷம் இருந்துவிட்டு, அடுக்கக்கூடிய ஒன்றின் முன் தினமும் உட்காருவதில் ஒரு மனிதனுக்குச் சந்தோஷம் இருந்தால் அதை அற்பம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

தோற்றுக்கொடுப்பது இன்னொரு பிரச்சினை. வயதானவர், மகிழட்டுமே என்று தோன்றும். ரூஸோ மொன்மொரான்சியில் இருந்தபோது ராஜ வம்சத்தவரான கொந்தி இளவரசர் அவரோடு சதுரங்கம் ஆடினார். சுற்றியிருந்தவர்கள் ஜாடை காட்டியும் கேட்காமல் ரூஸோ இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்தார். தங்கள் மேல் இருக்கும் மரியாதை அதிகம், அதனால்தான் எப்போதும் ஜெயிக்காமல் இருக்க முடியவில்லை என்ற அர்த்தத்தில் இளவரசரிடமே சொன்னாராம். சாமர்த்தியமான பேச்சு என்று தள்ளிவிடலாம். எனக்கு அது உண்மை என்று படுகிறது. தோற்றுக்கொடுக்கும் கணத்தில் நான் எதிராளியை எழுப்பி அனுப்பிவிட்டுத் தனியாக ஆடத் தொடங்குகிறேன்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் திருப்பூவனூரில் சிவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். யாராலும் வெல்ல முடியாத ராஜகுமாரியைச் சித்தர் வேஷத்தில் வந்து சதுரங்கத்தில் வென்று மணந்துகொண்டதாகத் தலபுராணம். சிவனும் விட்டுக்கொடுக்கவில்லை, சரி. ஆனால் முடிவு தெரிந்தவன் ஆடுவதை ஆட்டம் என்று சொல்ல முடியுமா? தோற்கக்கூடியவன்தான் விளையாட முடியும். அன்றைக்கு அந்தப் பலகையில் விளையாடியது அந்தப் பெண் மட்டும்தான்.

இப்போது எல்லோருடைய சட்டைப் பையிலும் ஒரு சித்தர் இருக்கிறார். 1997இல் டீப் ப்ளூ என்ற யந்திரம் காஸ்பரோவை ஆறு ஆட்டப் போட்டியில் வென்றது. இன்று கைப்பேசியில் ஓடும் நிரலை எந்த உலக சாம்பியனும் ஜெயிக்க முடியாது. ஆக, மிகச் சரியான காயைக் கண்டுபிடிப்பதுதான் சதுரங்கத்தின் நோக்கம் என்றால் அந்த வேலை மனிதர்களிடமிருந்து போய்விட்டது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டு வயதில் உலகப் பட்டம் வென்ற குகேஷும் திண்ணையில் இருக்கும் நாங்களும் அந்தச் சித்தர் முன்னால் ஒரே வரிசை. இதில் எனக்குக் குரூர திருப்தி எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகும் மனிதர்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுகிறார்கள் என்றால், சரியான காய்க்கு வெளியே ஏதோ ஒன்றுக்காகத்தான் ஆடுகிறார்கள்.

லக்னோவை மறந்துவிட்டீர்களே என்பார்கள். 1856இல் அவத் ராஜ்யம் பறிபோகும்போது இரண்டு நவாபுகள் பலகையை விட்டு எழவில்லை. பிரேம்சந்த் கதையில் அவர்கள் ஆட்டத்தகராறில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு சாகிறார்கள். 1977இல் எடுத்த படத்தில் சத்யஜித் ரே அவர்களைச் சாகவிடவில்லை. வெட்கத்தோடு உட்காரவைத்து மறுபடியும், இந்த முறை இங்கிலீஷ் முறைப்படி, ஆடவிடுகிறார். ரேயின் தண்டனைதான் கடுமையானது. அந்த நவாபுகள் சதுரங்கத்தை லகுவாக எடுத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. மனைவி, வீடு, ஊர் எல்லாவற்றையும் லகுவாக எடுத்துக்கொண்டு சதுரங்கத்தை மட்டும் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். தீவிரத்தின் மேல் நம்பிக்கை வைத்திருக்கும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஒரு பந்தயத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனோடு ஆடினேன். பெயருக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருந்தது. அர்பத் ஏலோ என்பவரின் கணக்குமுறையை உலகச் சம்மேளனம் 1970இல் ஏற்றுக்கொண்டதிலிருந்து ஆடுகிறவர்களுக்கெல்லாம் அப்படி ஓர் எண். பையன் நன்றாக ஆடினான், என் ராணியை அழகாக வளைத்துப் பிடித்தான். "பிரமாதம்டா" என்றேன். நிமிர்ந்து பார்த்தான், சிரிக்கவில்லை. எண் இல்லாத என்னை ஜெயித்ததில் அவன் எண் ஏறாது. வெளியே காத்திருந்த தகப்பனார் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, எத்தனை நிமிஷம் மிச்சம் வைத்தாய் என்பது. இந்தியாவில் கிராண்ட்மாஸ்டர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். 1988இல் ஆனந்த் முதலாமவராக வந்தபோது நாங்கள் இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம். அதெல்லாம் நல்லதுதான். அந்தப் பையன் ராணியைப் பிடித்த கணத்தில் அவனுக்குள் ஏதாவது துள்ளியிருக்குமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

முசேக்குப் பிடித்த ஆட்டக்காரர் ஆனந்த் இல்லை, மானுவல் ஆரோன். 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். அடுத்த வருஷம் ஸ்டாக்ஹோம் இன்டர்சோனலுக்குப் போனார். இருபத்து மூன்று பேர் ஆடிய பந்தயத்தில் அவருக்குக் கடைசி இடம். அந்தக் கடைசி இடத்துக்குள் போர்டிஷையும் உல்மானையும் வென்ற இரண்டு ஆட்டங்கள் இருக்கின்றன. இருவரும் அந்தக் காலத்தில் உலகத்தின் முதல் வரிசைக்காரர்கள். மழை பெய்து திண்ணையில் சாரல் அடிக்கும் நாட்களில் உள்ளே போய், புதிதாக ஆடாமல், போர்டிஷோடு ஆடிய அந்த ஆட்டத்தைக் காய் காயாக வைத்துப் பார்க்கிறோம். பாதியில் முசே நிறுத்திவிடுவார், இந்த இடத்தில் ஆரோனுக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்பார். எனக்கு ஒரு பதில் இருக்கும், அவருக்கு வேறு. வாய்ச்சண்டை முடிவதற்குள் மழை விட்டுவிடும்.