பெருந்தன்மை என்னும் பெயர்

இங்கிலாந்தின் குழந்தை நாவலாசிரியர் எடித் நெஸ்பிட்டின் (1858–1924) வாழ்க்கையைச் சொல்பவர்கள் ஓரிடத்தில் ‘பெருந்தன்மை’ என்ற சொல்லுக்கு வந்துசேர்கிறார்கள். அந்தச் சொல்லோடு எனக்குப் பிணக்கு உண்டு.

1880இல், ஏழு மாதக் கர்ப்பிணியாக, எடித் ஹியூபர்ட் பிளாண்டை மணந்தார். விரைவிலேயே ஹியூபர்ட் பெரியம்மையில் படுத்தார், தொழிலும் நொடித்தது. கதை எழுதியும் வாழ்த்து அட்டைகளுக்கு வண்ணம் தீட்டியும் வீட்டில் அடுப்பெரிய வைத்தவர் எடித். பிறகு அவருடைய தோழி ஆலிஸ் ஹோட்சன் அவ்வீட்டில் வந்து தங்கினார். ஆலிஸுக்கும் ஹியூபர்ட்டுக்கும் 1886இல் ரோசமண்ட் பிறந்தாள், 1899இல் ஜான் பிறந்தான். இருவரையும் எடித் தன் பிள்ளைகளாகவே வளர்த்தார்.

மறுக்க முடிந்த ஒருவர் மனமுவந்து கொடுத்தால் அது பெருந்தன்மை. எடித்தால் மறுக்க முடிந்ததா? இங்கிலாந்தின் 1857ஆம் ஆண்டுச் சட்டப்படி, மனைவியின் கள்ள உறவு ஒன்றே கணவன் மணவிலக்குப் பெறப் போதும். மனைவி கேட்டாலோ, கணவனின் கள்ள உறவோடு கொடுமை, கைவிடுதல் போன்ற வேறொரு குற்றமும் சேர்ந்திருக்க வேண்டும். 1923 வரை இதுவே நிலை. மணமாகாத ஆலிஸோ, பெற்ற குழந்தைகளை ஊரறியத் தன்னுடையவை என்று சொல்ல முடியாமல் அதே வீட்டில் வாழ்ந்தார். ஒருத்தி தாயென்று நடிக்கவும் மற்றொருத்தி தாயில்லை என்று நடிக்கவும் வேண்டியிருந்தது. ஹியூபர்ட்டின் மரியாதை குலையாமல் நின்றது.

அந்தக் குழந்தைகள் மீது எடித்துக்கு இருந்த அன்பை நான் சந்தேகிக்கவில்லை. வழியில்லாத இடத்திலும் அன்பு முளைக்கும். அதற்காக வழியை அடைத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை.

எடித்தைப் புனிதராக்கவும் தேவையில்லை. பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்துக்கு அவர் தோள்கொடுக்கவில்லை. ஆனால் 1906இல் வந்த அவருடைய ‘ரயில்வே குழந்தைகள்’ நாவலில், தந்தை சிறையிலிருக்க, தாய் கதை எழுதிக் குடும்பத்தைக் காக்கிறாள். ஒரு கதை விலைபோனால் அன்று தேநீரோடு பிள்ளைகளுக்கு பன் கிடைக்கும். அங்கே தாயின் உழைப்புக்கு அளவு இருக்கிறது, கூலி இருக்கிறது. பிள்ளைகள் அதை அறிந்தும் இருக்கிறார்கள்.

எடித்தின் பொறுமைக்கு வாழ்க்கை வரலாறுகள் அப்படி ஒரு கணக்கை வைக்கவில்லை, பாராட்டி முடித்துவிட்டன. ஒரு பெண்ணின் சகிப்பை யாராவது புகழும்போது நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அவள் சகிக்காமல் போயிருந்தால் யாருக்கு என்ன நட்டம்?