எலியாசின் அப்பமும் நம் வீட்டு மாத்திரையும்



எலியாஸ் தீர்க்கதரிசியின் சரித்திரத்தை நீங்கள் அறிவீர்கள். கார்மேல் மலையில் தம் ஜெபத்தால் வானத்திலிருந்து நெருப்பை இறங்கச் செய்தவர். அப்பேர்ப்பட்டவர் சிலகாலத்துக்குள் வனாந்தரத்தில் ஒரு செடியின் அடியில் விழுந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரை மன்றாடினார். சர்வேசுரன் அவரைக் கடிந்துகொண்டாரா? விசுவாசம் குறைந்தவன் என்று தள்ளினாரா? இல்லை. ஒரு சம்மனசை அனுப்பினார். அந்தச் சம்மனசும் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்துத் தட்டி எழுப்பிற்று. எலியாஸ் உண்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். சம்மனசு இரண்டாந்தரமும் வந்து, வழி தூரம் என்று சொல்லி உண்ணச் செய்தது. அதன்பின்புதான் அவர் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையைச் சேர்ந்தார். அந்த இரண்டாந்தரத்தைக் குறித்தே இன்று உங்களோடு பேசுகிறோம்.

நமது பங்கில் ஒரு குடும்பத் தகப்பனார்; பெயர் வேண்டாம். விஷயத்தை நாலுபேருக்குச் சொல்லும்படி அவரே கேட்டுக்கொண்டார். காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் எல்லாரும் வலை பழுதுபார்க்க, இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தடை முடிந்தும் எழுந்திருக்கவில்லை. சோம்பேறி என்றார் அண்ணன்; செய்வினை என்றார் பக்கத்து வீட்டார். அவருடைய சம்சாரம்தான் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். வைத்தியர் இது மனச்சோர்வு என்னும் வியாதி என்று மாத்திரை கொடுத்தார். முதல் வாரம் குமட்டலும் தலைவலியும். நாலாம் வாரம் தூக்கம் வந்தது. இரண்டு மாதத்தில் கடலுக்குப் போனார். "உடம்புதான் தேறிப்போச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்றார் ஒரு சிநேகிதர். அன்றே நிறுத்திவிட்டார். தலைசுற்றலும், மண்டைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்ச்சியும் கண்டன. சில வாரத்தில் பழைய இருட்டு திரும்பிவந்தது.

கிறீஸ்தவர்களே, அலை சற்று ஓய்ந்தது என்று நங்கூரக் கயிற்றை அறுப்பவன் உண்டா? இந்த மருந்து இன்று விழுங்கி நாளை குணம் காட்டுவதல்ல; பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் செல்லும். முதலில் வரும் சிறு தொந்தரவுகள் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தணியும். நலமடைந்த பின்பும் குறைந்தது 6 மாதம், அநேகருக்கு 9 முதல் 12 மாதம் வரை தொடரவேண்டும். வியாதி பலமுறை வந்தவர்களுக்கு இன்னும் நீளும். நிறுத்தும் காலம் வரும்போது வைத்தியரே சிறுகச் சிறுகக் குறைப்பார். சாராயத்தைப்போல இது ஆசைகாட்டி அடிமையாக்கும் பொருளல்ல. ஆனாலும் திடீரென்று விட்டால் உடம்பு தடுமாறும். கர்ப்பிணிகளும் தாமாக நிறுத்தாமல் முதலில் வைத்தியரைக் கேட்கவேண்டும்.

இனி, வீட்டார் செய்யவேண்டியது. சுவரில் மாட்டிய காலண்டரில் தினமும் குறியுங்கள்: மாத்திரை போட்டாரா, எத்தனை மணி தூங்கினார், சாப்பிட்டாரா, அன்று என்ன வேலை தொட்டார். அதை வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். சிலருக்குத் துக்கம் நீங்கியும் ஊக்கம் மட்டும் வராது. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் அளவோ, இரத்தச் சோகையோ, தைராய்டோ, குடிப்பழக்கமோ காரணமாயிருக்கலாம். அவர் பார்த்துச் சரிசெய்வார். மனசு வரட்டும், பிறகு வேலை என்று காத்திருக்கவும் வேண்டாம். குளிப்பது, கடற்கரை வரை நடப்பது, ஒரு முழம் வலை பார்ப்பது என்று கொஞ்சமாகத் தொடங்கினால் மனசு பின்னால் வரும்.

மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலும், அளவு மாறும்போதும், விசேஷமாக வாலிபப் பிள்ளைகளிடத்தில் கவனமாயிருங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ, தூக்கமேயில்லாமல் மிதமிஞ்சிய உற்சாகமும் செலவும் கண்டாலோ, அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். தனியே விடாதீர்கள். 2022-ல் அரசாங்கம் தொடங்கிய டெலி மானஸ் என்னும் உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

1794-ல் தோன்றிய கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியின் பேரைச் சொன்னாலே நம் முன்னோர் நடுங்கினார்கள். 1957-ல் சுவிட்சர்லாந்து வைத்தியர் ரோலண்ட் கூன், இமிப்ரமின் என்னும் மருந்து மனச்சோர்வைத் தணிப்பதை எழுதி வெளியிட்டார். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கத்தில் தலைமை வகித்த டாக்டர் சாரதா மேனன், மனவியாதியஸ்தரும் நம்மைப்போல வாழத் தகுந்தவர்கள் என்று காட்டினார். இன்று இராயபுரத்தார்க்கும் திருவொற்றியூரார்க்கும் ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு உண்டு. நடுங்கவேண்டிய காலம் போயிற்று.

மாத்திரை போட்டால் ஜெபம் வேண்டாமா என்று கேட்பீர்கள். சீராக் ஆகமம் 38-ம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். மருந்துகளைப் பூமியிலிருந்து சிருஷ்டித்தவர் ஆண்டவரே என்றும், வியாதியில் மன்றாடுவதோடு வைத்தியருக்கும் இடங்கொடுக்கவேண்டும் என்றும் அது போதிக்கிறது. செபமாலையும் மாத்திரையும் ஒரே மேசையில் இருக்கலாம், சண்டை ஒன்றுமில்லை.

அந்தத் தகப்பனார் இப்போது மறுபடியும் மருந்து எடுத்துவருகிறார். தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பின் அவருடைய பத்து வயது மகள் தண்ணீர்ச் செம்போடு வந்து, "அப்பா, எழுந்திருங்க" என்கிறாள். அந்தச் சம்மனசின் வேலையைத்தான் அவள் செய்கிறாள். உங்கள் வீட்டில் படுத்திருப்பவர் உண்டானால், நீங்களும் இரண்டாந்தரம் எழுப்புங்கள், ஏசாமல் எழுப்புங்கள். வழி தூரம்தான், ஆனால் மலை உண்டு. சர்வேசுரன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.