தட்டைப் படமெடுக்கும் சிப்பாய்

முதல் கவளத்துக்கு முன் சாப்பாட்டுத் தட்டை ஒரு படம் எடுக்க வேண்டும். சாப்பிட்டு எழும்போது, மிச்சம் கிடப்பதோடு சேர்த்து இன்னொரு படம். இரண்டும் கைபேசி வழியாக ஆய்வு மையத்துக்குப் போகும். இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து, வயிற்றுக்குள் போனது எத்தனை கலோரி என்று அங்கே கணக்கிடுவார்கள். லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில், அமெரிக்க ராணுவத்துக்காக நெடுங்காலமாக ஊட்டச்சத்து ஆய்வுகள் செய்துவரும் பென்னிங்டன் உயிர்மருத்துவ ஆய்வு மையம் வளர்த்தெடுத்த முறை இது.

ராணுவத்துக்கு இதில் அக்கறை வரக் காரணம் உண்டு. 2020 கணக்குப்படி அமெரிக்கப் படைகளில் பணியில் இருப்பவர்களில் சுமார் 19 விழுக்காட்டினர் உடல் பருமன் உள்ளவர்கள். 2013இலேயே அடிகளை எண்ணும் 2,500 ஃபிட்பிட் கருவிகளைப் படையினருக்குக் கொடுத்து, எடையைக் குறைக்க உதவுமா என்று பார்த்தார்கள். பிறகு செயலிகள் வந்தன. நடந்த அடிகள், தூங்கிய மணிகள், தின்ற பிஸ்கட் என எல்லாம் எண்ணாக மாறின.

மருத்துவம் இதைப் பயனுள்ள கருவி என்று சொல்லிவிட்டு நகரலாம். அறம் நகர முடியாது. ஒருவர் பார்க்கிறார் என்பதற்காகக் கையை இழுத்துக்கொள்பவன் தன்னை அடக்கியவனா, அடக்கப்பட்டவனா?

இந்தக் கேள்வியைக் கைபேசி கொண்டுவரவில்லை. தமிழ்க் கத்தோலிக்கர்கள் பதுவை அந்தோனியாரிலிருந்து பிரித்து ‘வனத்து அந்தோனியார்’ என்று வணங்கும் புனிதர், எகிப்தின் பாலைவனத்தில் துறவு வாழ்ந்தவர். நான்காம் நூற்றாண்டில் அவருடைய வரலாற்றை எழுதிய அத்தனாசியார், அவர் சீடர்களுக்குச் சொன்ன ஒரு பயிற்சியைப் பதிவு செய்திருக்கிறார். செய்வதையும் மனதில் எழுவதையும், மற்றவரிடம் சொல்லப் போவதுபோல எண்ணி, எழுதிவைக்க வேண்டும் என்பது அது. பிறர் படித்துவிடுவார்களே என்ற கூச்சமே தவறிலிருந்து காக்கும், எழுத்தே சக துறவியின் கண்ணாக இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. உணவுக் குறிப்பேட்டுச் செயலியின் அடிப்படைத் தத்துவம் இதேதான். பதினாறு நூற்றாண்டுகளுக்கும் முன்பே, ஓலைப்பாயில் உட்கார்ந்து கூடை முடைந்தவர்களிடையே இது பிறந்திருக்கிறது.

ஆகவே பிறர் பார்வையின் உதவியோடு அடங்குவது இழிவு என்று சொல்லிவிட முடியாது. தனியாக நின்று தன்னை வெல்பவர்கள் அந்தப் பாலைவனத்தில்கூட அரிதாகவே இருந்தார்கள். ஒவ்வொரு சீடனுக்கும் மனதைத் திறந்து காட்ட ஒரு மூத்தவர் இருந்தார். அவரை அவர்கள் அழைத்த சொல் ‘அப்பா’. அரமேய மொழிச் சொல்தான், ஆனால் தமிழ்க் காதுக்கு அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

எண்ணிக்கைக்கு அகப்படாதது இன்னொன்று இருக்கிறது. ‘தலையான பாவங்கள் ஏழு’ என்று ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தவர்களுக்குப் போசனப்பிரியம் என்ற சொல் நினைவிருக்கும். அளவுக்கு மீறித் தின்பது மட்டுமா அது? ஆறாம் நூற்றாண்டில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் அதற்கு ஐந்து வழிகள் சொன்னார்: நேரத்துக்கு முன்பே தின்பது, விலையுயர்ந்ததையே தேடுவது, பக்குவத்தில் நுணுக்கம் பார்ப்பது, மிகுதியாகத் தின்பது, ஆவலாதியாகப் பாய்ந்து தின்பது. செயலி கணக்கிடுவது பெரும்பாலும் நான்காவதை. ஐந்தாவதைப் படமெடுக்க முடியாது. அந்த ஐந்தாவதைத்தான் ராணுவமே கற்றுக்கொடுக்கிறது. பயிற்சி முகாமில் புதிதாகச் சேர்ந்தவனுக்குச் சாப்பிடச் சில நிமிடங்களே கிடைக்கும். தட்டைப் பார்க்காமல் விழுங்கப் பழகுகிறான். இரவுக் காவலில் தூக்கம் கெட்டால் பசி கூடும் என்பதும் ஆய்வுகள் காட்டிய உண்மை. பசியைக் கெடுத்த அமைப்பே கையில் கருவியைக் கொடுத்து, உன்னை நீயே அடக்கு என்கிறது. இதில் சிப்பாயின் பங்கை மட்டும் பாவமாகப் பார்ப்பது நியாயமில்லை.

பார்க்கிறவர் யார், பார்த்தபின் என்ன செய்வார் என்பதில்தான் துறவிமடமும் முகாமும் பிரிகின்றன. அமெரிக்கத் தரைப்படையில் அளவுநாடா பேசும். 2023இல் வந்த மாற்றப்படி, தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி ஒரே அளவு எடுத்தார்கள். அப்போதைய வரம்புப்படி, 17 முதல் 20 வயது ஆண் என்றால் உடல் கொழுப்பு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, பெண் என்றால் 30. தாண்டினால் பதவி உயர்வு நிற்கும். முன்னேற்றம் இல்லாவிட்டால் வேலையே போகலாம். அளவெடுக்கும் நாளுக்கு முன் பட்டினி கிடப்பது, நீராவி அறையில் வியர்த்து வற்றுவது, பேதி மாத்திரை விழுங்குவது என்று படையினர் செய்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த நாளில் இடுப்பு சுருங்குகிறது. ஆசையோ அப்படியே இருக்கிறது. அப்பாவிடம் தன் தின்பண்ட ஆசையைச் சொன்ன சீடனுக்கு வேலை போகும் பயம் இல்லை. அதனால் பொய் சொல்லும் தேவை குறைவு.

இதே காரணத்தால், படைவீரர் நலத்துறை ஓய்வுபெற்றவர்களுக்காகத் தந்த ‘மூவ் கோச்’ செயலி கவனிக்கத்தக்கது. பத்தொன்பது வாரப் பயிற்சி. எடையையும் உணவையும் தாமே குறித்துக்கொள்ள வேண்டும். பதவியைப் பறிக்க இனி யாரும் இல்லாதவர்களிடம் இதைக் கொடுக்கிறார்கள். ஒரு வாரம் எடை கூடினால் கூடியது என்றே எழுதலாம். அந்தோனியாரின் குறிப்பேட்டுக்கு இதுதான் நெருங்கி வருகிறது. பணியில் இருப்பவரின் செயலியும் மருத்துவரோடு நின்று, மேலதிகாரியின் மேசைக்குப் போகாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது அளவுநாடாவின் நீட்சி மட்டுமே.

மேலதிகாரியையும் தாண்டிப் பார்க்கும் கண்கள் உண்டு என்பது 2018 ஜனவரியில் தெரியவந்தது. உடற்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா, தன் பயனர்கள் ஓடிய தடங்களையெல்லாம் ஒளிக்கோடுகளாக்கி உலக வரைபடம் ஒன்றை இரண்டு மாதங்களுக்கு முன் வெளியிட்டிருந்தது. சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் இருட்டான நிலப்பரப்புக்கு நடுவே சின்னச் சின்ன வளையங்கள் மின்னுவதை ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் கவனித்தார். முகாமுக்குள் சுற்றிச் சுற்றி ஓடியவர்களின் தடங்கள் அவை. உடலைப் பேணியவர்களின் ஒழுக்கமே அவர்கள் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில், நடவடிக்கைப் பகுதிகளில் சொந்தக் கருவியானாலும் அரசுக் கருவியானாலும் இருப்பிடம் காட்டும் வசதியைப் பயன்படுத்தக் கூடாது என்று பென்டகன் உத்தரவிட்டது.

உத்தரவு ஓட்டத்தைத் தடுக்கவில்லை. விடிவதற்கு முன் சுற்றுச்சுவரை ஒட்டி ஓடுகிறவரின் மணிக்கட்டில் கடிகாரம் இருக்கலாம், ஆனால் அந்தச் சுற்று எந்த வரைபடத்திலும் ஏறாது. ஐந்தாவது சுற்றோடு நின்றுவிட்டாலும் கேட்க ஆளில்லை. ஆறாவது சுற்றை ஓடுவதா என்பதை அங்கே அவரேதான் முடிவு செய்ய வேண்டும்.