ஒரு குடத்துக்கு ஒரு பாத்தி

ராமேஸ்வரம் தீவில் விற்கும் காய்கறி பெரும்பாலும் பாலம் ஏறி வருவதுதான். மதுரையிலும் ஒட்டன்சத்திரத்திலும் லாரி ஏறி, ராமநாதபுரம், மண்டபம் தாண்டி, பாம்பனில் கடலைக் கடந்து சந்தைக்கு வந்து சேர்வதற்குள் கீரை பாதி வாடிவிடும். அதனால் இங்கே குடியிருக்கும் யாருக்கும் கொல்லையில் நாலு செடி வைக்கும் ஆசை வரத்தான் செய்யும். தரைதான் சுலபத்தில் ஒத்துக்கொள்ளாது.

இங்கே தரை என்பது மணல். கொஞ்சம் தோண்டினால் சிப்பித்தூள், இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஈரம். தாழ்வான இடங்களில் அந்த ஈரத்தில் உப்பு இருக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அது கோடையில் மேலே ஏறும். வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பைத் தரையிலேயே விட்டுவிடும். பங்குனி, சித்திரையில் சில இடங்கள் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெளுத்துக் கிடப்பது அதனால்தான். பீன்ஸ் மாதிரிச் செடிகள் இதைத் தாங்கவே தாங்காது. இலையின் விளிம்பு முதலில் பழுப்பாகிக் கருகும், பிறகு கருகல் மெல்ல உள்ளே நகரும். பூ வரைக்கும் வந்தாலே பெரிது.

மேட்டுப்பாத்தி இதற்கு நல்ல வழி. தரைக்கு மேலே ஒன்றரை அடிக்கு வேறு மண்ணைக் கொட்டி வைத்தால் கீழே இருக்கும் உப்பு வேருக்கு எட்டாது. மேலே சேரும் உப்பும் மழையோடு கீழே இறங்க வழி கிடைக்கும். கேரளத்தின் பொக்காளி விவசாயிகள் இதை வயல் அளவில் செய்கிறார்கள். கடல்நீர் ஏறி இறங்கும் நிலத்தில் மழைக்கு முன்பே மண்ணை மேடு மேடாகக் கூட்டி வைப்பார்கள். தென்மேற்குப் பருவமழை மேட்டில் இருக்கும் உப்பைக் கழுவி இறக்கிய பிறகு முளைகட்டிய நெல்லை மேட்டின் தலையில் விதைப்பார்கள். நாற்று வளர்ந்ததும் மேட்டை வெட்டி வயலில் பரப்பிவிடுவார்கள். உப்பை ஊரைவிட்டு விரட்ட முடியாது, அது ஒதுங்கும் காலம் பார்த்துப் பயிர் செய்யலாம் என்பது அவர்களின் கணக்கு. எனக்கு அது மிகவும் பிடித்த கணக்கு.

பாத்தியின் அகலம் மூன்றடிக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும், உள்ளே கால் வைத்து மண்ணை மிதிக்கக் கூடாது. சுவருக்கு ஹாலோ பிளாக் போதும். வைரம் பாய்ந்த பனை கிடைத்தால் அதைவிட நல்லது, உப்புக்காற்றில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஒரு காலத்தில் இந்தக் கரையில் பவளக்கல்லை வெட்டி வீட்டுக்கே சுவர் வைத்தார்கள். 2001 முதல் பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் அதைத் தொட வேண்டாம்.

உள்ளே என்ன போடுவது என்பதில்தான் வேலை இருக்கிறது. கடற்கரை மணல் கூடவே கூடாது. ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் வற்றியதும் கிடைக்கும் கரம்பை மண், மக்கிய ஆட்டுப்புழுக்கை, காய்ந்த இலைதழை, இந்த மூன்றும் போதும். கரம்பை எடுக்க அனுமதி வாங்க வேண்டும், வாங்கினால் இலவசம். ஆனால் எல்லாக் கண்மாய் மண்ணும் ஒன்றாக இருப்பதில்லை, சிலது உவர். ஒரு பிடியைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வண்டியைக் கூப்பிடலாம். தேங்காய் நார்க்கழிவு எடையைக் குறைக்கும், ஈரம் பிடிக்கும். அதிலும் உப்பு உண்டு என்பதால் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துதான் போட வேண்டும்.

அயர்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் ஆரன் தீவுகள் இருக்கின்றன. வெறும் சுண்ணாம்புப் பாறை. அங்குள்ளவர்கள் மணலையும் கடற்பாசியையும் கூடைகூடையாகச் சுமந்து வந்து பாறைமேல் அடுக்கடுக்காகப் பரப்பி, மண் என்ற ஒன்றையே உண்டாக்கி, உருளைக்கிழங்கு விளைவித்தார்கள். நம் மன்னார் வளைகுடாவிலும் கடற்பாசிக்குக் குறைவில்லை, கரையில் வேண்டிய மட்டும் ஒதுங்குகிறது. ஆனால் அங்கே ஆண்டு முழுதும் மழை தூறிப் பாசியின் உப்பைக் கழுவிவிடுகிறது. இங்கே ஆண்டு மழை சுமார் 820 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே பாசியை ஒரு மழைக்காலம் நனையவிட்டுப் பிறகு மக்க வைப்பதுதான் நம் ஊருக்குச் சரி.

இதெல்லாம் கட்டுமான வேலை. காசும் ஆளும் இருந்தால் நடந்துவிடும். நான் கல் அடுக்கிக்கொண்டிருந்தபோது, தள்ளுவண்டியில் குடங்களோடு தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்துத் தெரு அக்கா நின்று கேட்டதுதான் உண்மையான கேள்வி:

“செடிக்கு நல்ல தண்ணியா ஊத்தப்போறீங்க தம்பி? ஒரு கொடம்னா எனக்கு ஒரு நட.”

ராமநாதபுரம் மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் தள்ளுவண்டிகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அடுத்த வீட்டுப் பெண்ணின் நடையில் என் வெண்டைக்காய் வளரலாமா? ‘மோட்டார் போட்டு என் நிலத்துத் தண்ணீரை எடுக்கிறேன், யாருக்கு என்ன?’ என்று சொல்லலாம். தீவில் அந்தப் பதில் செல்லாது.

தீவின் மணலுக்கடியில் மழைநீர் தனியாக நிற்கிறது. உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் அதன்மேல் மிதக்கிறது. ராமநாதசுவாமி கோயிலுக்குள் இருக்கும் தீர்த்தக் கிணறுகளில், கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும், உப்புக் கரிக்காத தண்ணீர் ஊறுவது அதனால்தான். தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதும் அப்படித்தான். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இரண்டு ஐரோப்பியர்கள் இதற்கு ஒரு கணக்கு சொல்லியிருக்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பதடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஓரடி இறங்கினால் கீழே உப்பு நாற்பதடி ஏற இடம் கிடைக்கிறது. என் மோட்டார் இழுப்பது என் வேலிக்குள் இருக்கும் தண்ணீரை மட்டுமல்ல. நாலு வீடு தள்ளி இருக்கும் கிணறும் அதில் சேர்த்தி.

அதனால் எத்தனை செடி வேண்டும் என்று கேட்டுப் பாத்தி கட்டுவதை விட்டுவிட்டு, வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் இரண்டாம் முறை பயன்பட வழியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பேன். எட்டடி நீளம், மூன்றடி அகலப் பாத்தி கோடையில் நாளுக்குப் பன்னிரண்டு லிட்டர் போலக் குடிக்கும், கிட்டத்தட்ட ஒரு குடம். அரிசி களைந்தது, பருப்பும் காயும் கழுவியது என்று ஒரு குடும்பத்துச் சமையலறையில் சேரும் தண்ணீர் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். மீன் அலசிய முதல் தண்ணீர் செடிக்கு நல்ல உரம். கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவிய தண்ணீரை மட்டும் தனியாக ஊற்றிவிட வேண்டும். சோப்புத்தூள் தண்ணீரும் வேண்டாம், அதில் சோடியம் இருக்கிறது. நம் மண்ணில் அது ஏற்கெனவே தேவைக்கு மேல் உண்டு.

இன்னொன்று. கொஞ்சம் உவர்ப்பான தண்ணீரைப் பாத்தியின் இரண்டு ஓரமும் விட்டால் உப்பு நடுமேட்டில்தான் போய்ச் சேரும், அங்கே வெள்ளையாகப் பூத்திருப்பதைக் கையால் வழிக்கலாம். விதையை நடுவில் போடாமல் மேட்டின் தோள்பட்டையில், அதாவது பக்கச் சரிவில், போட வேண்டும். மேலே காய்ந்த ஓலையோ சருகோ மூடியிருந்தால் தண்ணீர் ஆவியாவது குறையும், உப்பும் அவ்வளவாக ஏறாது. கொத்தவரை, தண்டுக்கீரை, பீட்ரூட் ஓரளவு தாங்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய் மானாவாரியிலேயே பழகியது, அதற்கு ஓரத்தில் இரண்டு குழி கொடுக்கலாம். இவ்வளவு சிறிய பாத்தி குடும்பத்துக்கான காய் முழுவதையும் தராது. கீரையும் மிளகாயும் வரும், வாரத்தில் ஓரிரு நாள் பொரியலுக்கு ஆகும். மிச்சத்துக்குச் சந்தை இருக்கிறது. அதற்குமேல் இந்த மணலிடம் கேட்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லும் பழமொழி இந்தக் கரைக்குப் பொருந்தாது. ஆடியில் இங்கே கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும். அப்போது தென்மேற்குப் பக்கம் கீற்றுத் தட்டியைக் கட்டிவிட்டுப் பாத்தி வேலையை ஆரம்பியுங்கள், புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசியின் முதல் இரண்டு மழையை விதை போடாமல் விட்டுவிடுங்கள், அது உப்பைக் கழுவட்டும். அதன் பிறகு விதையுங்கள். ஆழ்துளைக் கிணறு மட்டும் போட்டுவிடாதீர்கள்.