மணிக்கு என்ன கனவு?

ராத்திரி இரண்டு மணி இருக்கும். ஹாலில் யாரோ விசும்புகிற மாதிரி சத்தம். எழுந்துபோய் லைட்டைப் போட்டேன். மணி! சோபாவுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, நாலு காலையும் உதறிக்கொண்டிருந்தான். உதடு துடிக்கிறது. மூடிய இமைகளுக்குள்ளே விழி அங்கும் இங்கும் ஓடுகிறது. வாயைப் பொத்திக்கொண்டு குரைத்தால் எப்படி இருக்கும், அப்படி 'உப்... உப்' என்று இரண்டு சத்தம். அப்புறம் நீளமாக ஒரு முனகல்.

மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். "எழுப்புப்பா, பாவம். ஏதோ கெட்ட கனவு."

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "நாய்க்கு ஏதுடி கனவு? வயித்துல பூச்சி இருக்கும். காலையில வேப்பங்கொழுந்தை அரைச்சு ஊத்துங்க."

கனவா, பூச்சியா? சிரித்துவிட்டுப் படுக்கப் போயிருக்கலாம். முடியவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

நாய் வளர்த்தவர்களுக்கு இதில் எந்தக் காலத்திலும் சந்தேகம் இருந்ததில்லை. அரிஸ்டாட்டில் 2,300 வருடங்களுக்கு முன்பே, தூக்கத்தில் குரைப்பதை வைத்து நாய்க்குக் கனவு உண்டு என்று எழுதிவிட்டார். ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ், வேட்டை நாய்கள் தூங்கும்போதே காலை உதறி மோப்பம் பிடிப்பதை வர்ணித்திருக்கிறார். 1871-ல் டார்வின் இன்னும் ஒரு படி மேலே போய், பூனை, குதிரை, பறவையைக்கூடப் பட்டியலில் சேர்த்தார். தயங்கியது இருபதாம் நூற்றாண்டு விஞ்ஞானம்தான். தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கனவு என்பது கண்டவர் எழுந்து சொன்னால்தானே வெளியே தெரியும்? நாய் எங்கே எழுந்து சொல்லப்போகிறது?

1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அஸெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூங்குகிறவர்களின் கண்ணுக்குப் பக்கத்தில் மின்முனைகளை ஒட்டி வைத்துப் பார்த்தார்கள். இதற்கு முன்னால் அஸெரின்ஸ்கி தன் சொந்த மகனுக்கே ஒட்டிப் பார்த்திருந்தார். இரவில் சில கட்டங்களில் விழிகள் மூடிய இமைக்குள் தடதடவென்று ஓடின. அந்த நேரத்தில் தட்டி எழுப்பிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் ஒரு கனவைச் சொன்னார்கள். 'ரெம்' தூக்கம் என்று அதற்குப் பெயர். 1958-ல் வில்லியம் டிமென்ட் அதே தூக்கத்தைப் பூனையிடம் கண்டுபிடித்தார். நாய்க்கும் உண்டு. மணியின் விழி ஓடியதே, அதுதான்.

ஆனால், விழி ஓடினால் கனவு என்று ஆகிவிடுமா? இங்கேதான் பிரான்ஸின் லியோன் நகரத்துப் பூனைகள் வருகின்றன. படிக்கும்போது வயிற்றைப் பிசைகிற கதை.

ரெம் தூக்கத்தின்போது மூளை சும்மா இருப்பதில்லை. விழித்திருப்பது போலவே பரபரவென்று இயங்குகிறது. ஆனால், மூளைத்தண்டில் உள்ள ஒரு பகுதி, கை கால் தசைகளுக்குப் பூட்டுப் போட்டுவிடுகிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் கட்டிலிலிருந்து எழுந்து ஓடுவான். பூட்டு கொஞ்சம் கசியும்போதுதான் இந்த உதறலும் முனகலும். மிஷேல் ஜூவே என்ற விஞ்ஞானி, அந்தப் பூட்டு இருக்கும் இடத்தைப் பூனைகளின் மூளையில் சிதைத்துவிட்டார். பூனைகள் வழக்கம்போல் தூங்கின. ரெம் தூக்கம் வந்ததும், தூக்கம் கலையாமலே எழுந்து நின்றன. இல்லாத எதையோ தலையைத் தூக்கிப் பார்த்தன. பதுங்கின. பாய்ந்தன. இல்லாத எதிரியோடு சண்டை போட்டன. நிஜமாகவே முன்னால் இருந்த பொருட்களைச் சட்டை செய்யவில்லை.

2001-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மேத்யூ வில்சனும் கென்வே லூயியும் எலிகளை எடுத்துக்கொண்டார்கள். வட்டமான பாதையில் எலியை ஓடவிட்டு, எந்த இடத்தில் வரும்போது மூளையில் எந்த செல்கள் துடிக்கின்றன என்று பதிவு செய்தார்கள். பிறகு எலி தூங்கியது. ரெம் தூக்கத்தில் அதே செல்கள், அதே வரிசையில் துடித்தன. கனவுக்குள் எலி பாதையின் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஊகிக்கும் அளவுக்குப் பொருத்தம்! பகலில் ஓடிய ஓட்டத்தையே ராத்திரி மறுபடி ஓடியிருக்கிறது.

சந்தேகப் பேர்வழிகள் விடமாட்டார்கள். "டேப் ரிக்கார்டர் ஓடுகிறது, சரி. உட்கார்ந்து கேட்க உள்ளே ஆள் இருக்கிறதா?" என்பார்கள். வலுவான கேள்விதான். வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும் என்பதை வெளியிலிருந்து அறிய முடியாது என்று 1974-ல் தாமஸ் நேகல் என்ற தத்துவப் பேராசிரியர் எழுதிய கட்டுரை இன்றைக்கும் விவாதத்தில் இருக்கிறது.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. பிறந்த குழந்தையும் தன் கனவைச் சொல்வதில்லை. அதன் தூக்கத்தில் பாதி இந்த ரெம் வகைதான். தூங்குகிற குழந்தை முகம் சுளித்து அழுதால் நம் வீட்டுக் கிழவிகள் 'நரி விரட்டுது' என்றார்கள். அது நிஜமாகவே கனவா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால், "உள்ளே ஆள் இல்லை, வெறும் டேப்தான்" என்று எந்தத் தாயும் முதுகைத் தட்டிக்கொடுக்காமல் இருந்ததில்லை. குழந்தைக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்கிறோம். நாய்க்குக் கொடுக்க மட்டும் ஏன் கை வர மாட்டேன் என்கிறது? கொடுத்தால் நமக்குச் செலவு அதிகம் என்பதாலா?

இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன். மணி எங்கள் தெருவில் பிறந்தவன். வீட்டுக்கு வந்த முதல் வருடம், பாங்க்கில் கொடுக்க நான் எடுத்து வைத்திருந்த வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸைக் கடித்துக் குதறிவிட்டான். ஒரிஜினல்கூட இல்லை, ஜெராக்ஸ். ஆபீஸில் அன்றைக்கு எனக்கு நல்ல நாள் இல்லை. பெல்ட்டைக் கழற்றி இரண்டு அடி போட்டேன். அவன் எதிர்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் போய், மறுநாள் காலை வரை வரவில்லை. பிறகு வந்து என் காலை நக்கினான். மறந்துவிட்டான் என்று நான் அந்தக் கணக்கை மூடிவிட்டேன்.

நான் படித்தது பி.காம். ஒரு செலவை ஒரு தடவைதான் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால், எலி ஓடிய பாதை ராத்திரி மறுபடி ஓடுகிறது என்றால், நான் போட்ட இரண்டு அடி எத்தனை? பகலில் பட்ட வலிக்குக் கட்டிலுக்கு அடியில் இடம் இருந்தது. கனவில் வருகிற பெல்ட்டிலிருந்து எங்கே போய் ஒளிவான்?

மிகைப்படுத்துகிறேன் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். 2017-ல் புடாபெஸ்ட்டில் ஓர் ஆய்வு வெளியானது. வீட்டு நாய்களின் தலையில், கத்தி எதுவும் படாமல், மின்முனை ஒட்டித் தூங்கவைத்தார்கள். ஒரு நாள் தடவிக்கொடுத்து, பந்து விளையாடிவிட்டு. இன்னொரு நாள் கட்டிப்போட்டு, எஜமானர் தனியே விட்டுப்போய், பயமுறுத்தி. இரண்டு நாளும் நாய்கள் தூங்கத்தான் செய்தன. ஆனால், தூக்கத்தின் ரகமே வேறாக இருந்தது. என்ன கனவு என்று அவர்கள் சொல்லவில்லை. பகலில் நாம் செய்தது ராத்திரிக்குள் போகிறது என்பது வரைக்கும் தெரிகிறது. எனக்கு அதுவே போதும்.

லியோன் பூனைகள் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. பூனைக்கு உள்ளே ஓர் உலகம் இருக்கிறது என்று நமக்குக் காட்டியது அந்தப் பரிசோதனை. அப்படி ஓர் உலகம் இருக்கிறது என்றால், அந்தப் பூனையின் மூளையை எப்படிச் சிதைக்கலாம்? பதில் தெரிந்தபோதுதான் கேள்வி கேட்ட விதம் தப்பு என்று தெரிகிறது. ஆனாலும் தீர்ப்புச் சொல்ல நாக்கு வரவில்லை. தூக்கத்தில் மனைவியை அடித்துவிட்டு, எழுந்து தலையில் கை வைத்துக்கொள்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே பூட்டுதான் பழுது. 1986-ல் அமெரிக்க டாக்டர்கள் அதை நோய் என்று அடையாளம் கண்டபோது, வழி காட்டியது அந்தப் பூனைகள்தான். பலருக்கு அது பின்னால் வரப்போகிற பார்க்கின்சன் நோயின் முன்னறிகுறி. அதனால் பிழைத்தவர்களின் முன்னால் நின்று 'தப்பு' என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பூனையின் முன்னால் நின்று 'சரி' என்று சொல்லவும் இல்லை.

அன்று ராத்திரிக்கு வருவோம். கனவு காணும் நாயைத் தொட்டு எழுப்பக் கூடாது, திடுக்கிட்டுக் கடித்துவிடும் என்பார்கள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மெதுவாகக் கூப்பிட்டேன். "மணி... டேய் மணி..."

கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்ததும் உடம்பைச் சுருக்கிக்கொண்டு அரை அடி பின்னால் போனான். ஒரு விநாடி இருக்கும். அப்புறம்தான் வால் தரையில் 'டொப், டொப்' என்று தட்டியது.

"என்ன கனவுப்பா அதுக்கு?" என்றாள் மகள்.

"தெரியலைம்மா. போய்ப் படு" என்றேன். அவளிடம் பெல்ட் விஷயத்தை இதுவரை சொன்னதில்லை.